முப்பது கிலோ

பழைய பேப்பர் கடைத் தராசில்
பெட்டியை ஏற்றினேன்.
முப்பத்து நாலு இருநூறு என்றார் கடைக்காரர்.
நோட்டா புத்தகமா, கிலோ பதினாலு என்று
பழக்கத்தில் சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விமானத்துக்கு முப்பதுதான்.
சத்துவாச்சாரி மெயின் ரோட்டில், மே மாத மத்தியானத்தில்,
பெட்டியைத் திறந்துபோட்டு உட்கார்ந்தேன்.
இட்லித் தட்டு வெளியே வந்தது.
குக்கரை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
(அங்கே வெயில் ஜாஸ்தி மேடம் என்றிருந்தார் ஏஜெண்ட்,
ஒரு வேலூர்க்காரியிடம்.)

தனியாவா?
விசாரணைக்கு வந்த ஏட்டு கேட்டார்.
ரத்தம் எடுத்த பெண்
கையில் ரப்பரை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.
படிவமும் கேட்டது, உடன் வருவோர் எத்தனை பேர் என்று.
சுழியம் போட்டேன்.
வட்டமாக விழுந்தது,
பதினாறு வருடம் கரும்பலகையில் போட்ட கை.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு
பச்சை டிரங்குப் பெட்டி,
மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் பேரும்.
அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, பிறகு தம்பி தணிகைவேலுக்கு
காட்பாடி ஸ்டேஷனில் கையசைத்திருக்கிறேன்.
அங்கே நிற்கும் பெண்களை யாரும்
தனியாவா என்று கேட்டதில்லை.

எல்லையிலிருந்து போன் பண்ணினான்.
ராணுவப் பள்ளிக்கூடம்ங்கற.
அந்தப் பசங்க நாளைக்கு யாரைச் சுடுவானுங்க,
அது தெரியுமாக்கா?
நான் பிசிக்ஸ்தானேடா சொல்லித்தரப் போறேன் என்றேன்.
லைன் விட்டுப்போனது, அல்லது அவன் வைத்தான்.

அன்றிரவு
அவர்கள் அனுப்பிய பாடத்திட்டத்தைத் திறந்தேன்.
எறிபொருளின் இயக்கம்.
நாற்பத்தைந்து பாகையில் எறிந்தால்
அதிகத் தூரம் போகும்.
இங்கே அது பந்து.
பதினாறு வருடமும் பந்துதான்,
மொட்டை மாடியிலிருந்து, மைதானத்திலிருந்து,
ஒரு வருடம் குறும்புக்காக
தலைமை ஆசிரியர் அறை ஜன்னல் வழியாக.
அங்கே அதே படம், அதே வளைவு,
பந்து இருந்த இடத்தில் குண்டு.
போட்டுப் பார்த்தேன்.
விடை மாறவில்லை.

மெடிக்கல் ரிப்போர்ட் வாங்கப் போன நாள்
ஆஸ்பத்திரிக்குப் பின்னால், லாட்ஜுகளின் சந்தில்,
கடைப் பலகையெல்லாம் வங்காள எழுத்து.
ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிய ஒருத்தி
ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கத்தி
வாங்கிக்கொண்டிருந்தாள்.
அரிசி எவ்வளவு என்றதற்கு
ஒரு கைப்பிடியை மூடிக் காட்டினாள்.

தனியாவா?
கேட்டது நான்தான். தமிழில்.
அவளுக்குப் புரிந்தது.
ஆமா, மூணு மாசம் என்றாள்.
கடைக்காரரிடம் திரும்பி, கம்மி பண்ணு என்றாள்.
நின்று எண்ணினேன்:
எவ்வளவு, கம்மி, தண்ணி, வலி, போதும்.
ஐந்து சொல்லில் எங்கள் ஊரில்
குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.
பிடி மிளகாயை ஒரு முறை முகர்ந்துவிட்டு
வேண்டாம் என்றாள். ஆறு.

முதல் வாரம் பந்து என்றே போடுவேன்.
யாராவது ஒருவன் கை தூக்குவான்,
மீசை அரும்பாதவன், பூட்ஸ் பளபளக்க.
டீச்சர், புத்தகத்தில் பந்து இல்லையே?
அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
தெரிந்த மாதிரி தணிகைவேலுக்குக்
கடிதம் எழுதத் தொடங்கி
இரண்டு முறை கிழித்தாயிற்று.

மூன்று புடவை, இட்லித் தட்டு,
ஒன்றரைக் கிலோ அகராதி.
பெட்டியை மறுபடி ஏற்றினேன்.
இருபத்தொன்பது எண்ணூறு.
இன்னும் இருநூறு கிராம் வைக்கலாம்மா,
காசை ஏன் விடறீங்க என்றார் கடைக்காரர்.
வேண்டாம் என்றேன்.
அவர்கள் தராசு எப்படியோ.
அகராதியை எடைக்குப் போடாமல்
திரும்பத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.