விலகிச் செல்வது தமனி

புதன் இரவு ஏழு மணி, அங் மோ கியோ.
எட்டுப் பேருக்கு நான்கு இதயம்.
பன்றியுடையது மலிவுதான், ஆனாலும்
ஸுஹைராவும் தொடவேண்டுமே என்று
ஆட்டினுடையதை வரவழைத்திருந்தார் திரு. ஓங்.
எஃகுத் தட்டில் அது
உறைபெட்டியின் குளிரோடு உட்கார்ந்திருந்தது,
கறிக்கடையில் நான் பேரம் பேசியிருக்கக்கூடிய அளவில்.

நாய், பூனை, குதிரை, நான்:
எல்லாருக்கும் நான்கு அறை, இரண்டு சுற்று.
பாடநூலில் பாதி சிவப்பு, பாதி நீலம்.
தட்டில் இரண்டும் இல்லை.
கொழுப்பின் மஞ்சள், பழைய செங்கல் நிறச் சதை,
வெட்டுப்பட்ட குழாய்களின் வெளுத்த வாய்கள்.
"எது எதுவென்று நிறம் சொல்லாது, விரலை விடுங்கள்."

விட்டேன்.
ஒன்று என் விரலைச் சுற்றி
நனைந்த காகிதப்பையாய்த் துவண்டது. சிரை.
இன்னொன்று உள்ளே எதுவும் இல்லாதபோதும்
வட்டமாகவே திறந்து நின்றது. தமனி.
அழுத்தம் தாங்கிப் பழகிய சுவர்
ஆடு போன பிறகும்
அடுத்த துடிப்புக்குத் தயாராக நிற்கிறது.

பிறகு பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றினோம்.
ஒழுகிவிடும் என்று நான் நோட்டை நகர்த்த,
அடியில் மூன்று சின்னச் சட்டைப்பைகள்
நீரை வாங்கி உப்பி
ஒன்றோடொன்று முட்டி மூடிக்கொண்டன.
ஒரு சொட்டு இறங்கவில்லை.
எந்தப் பண்ணையிலோ, எந்த மாதமோ செத்த ஆடு.
இதயத்துக்கு இன்னும் யாரும்
தகவல் சொல்லவில்லை போல.

நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.
தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம் என்று
பதினாறு வயதில் மனப்பாடம் செய்தவள்.
நுரையீரல் தமனியில் ஓடுவது
உயிர்வளி குறைந்தது என்றதும் கை தூக்கினேன்:
அப்படியானால் அது சிரையல்லவா?
"கெட்ட ரத்தம் என்று எதுவும் இல்லை.
என்ன சுமக்கிறது என்று கேட்காதீர்கள்.
இதயத்தை விட்டுப் போகிறதா, இதயத்துக்கு வருகிறதா,
அது போதும் பெயர் வைக்க."

இடைவேளையில் ஸுஹைரா
என் கையை மேசையில் கிடத்தினாள்.
இத்தனை வருடம் பச்சை நரம்பு என்றே நான் அழைத்த சிரையை
மணிக்கட்டருகே ஒரு விரலால் அமுக்கி
மறு விரலால் மேல்நோக்கி வழித்தாள்.
கோடு அழிந்தது.
மேல்விரலை எடுத்தாள், வெறுமையாகவே கிடந்தது.
கீழ்விரலை எடுத்தாள்,
ஓடிவந்து நிறைந்தது.
"உனக்குக் கதவெல்லாம் ஒழுங்காக மூடுகிறது, மங்கை."

கையில்.
காற்சட்டைக்குள் அவள் பார்க்கவில்லை.
தோ பாயோ ரொட்டிக்கடைக் கல்லாவில்
பதினோரு வருடம் நின்ற கெண்டைக்காலில்
நீல முடிச்சுகள்.
சுருள்சிரை என்று சொல்லி
இறுக்கமான காலுறை கொடுத்தார்கள்.
மூடவேண்டிய பை ஒன்று
மூட மறந்து, ஏறிய ரத்தம்
இறங்கித் தேங்கி நிற்கிறது என்று
யாரும் சொல்லவில்லை.
ஆட்டிடம்தான் தெரிந்துகொண்டேன்.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி, பதினொன்றே கால்.
கடவுச்சீட்டு, கட்டைவிரல், கண்ணாடிக் கதவு.
முன்னே ஒன்று திறக்க, பின்னே ஒன்று மூடுகிறது.
விடிந்தால் இதே பாலம், ஏறக்குறைய இதே முகங்கள்,
எதிர்த்திசை.
வீட்டுப்பாடத் தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்:
காலைப் பேருந்து சிரையா, இரவுப் பேருந்து தமனியா,
இல்லை மாற்றியா?
முதலில் இதயம் எந்தக் கரையில் என்று
குறிக்கவேண்டியிருந்தது.
அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
குதிகாலை உயர்த்தி, தாழ்த்தி, மறுபடி உயர்த்தி,
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரத்தத்தை
மேலே தள்ளிவிட்டபடி நின்றேன்.
பின்னால் நின்றவர்
நான் எட்டிப் பார்ப்பதாக நினைத்து
தானும் எட்டிப் பார்த்தார்.