கழித்தல் கணக்கு

கப்பல்காரர்கள் எடைக்கு வரம்பு வைக்கவில்லை.
வரம்பு வைத்தது ஹைக்கோ.
ஆளுக்குப் பதினெட்டு கிலோ.
ஒரு கிராம் கூடினாலும் கீல் நகர் வரைக்கும்
நீயே உருட்டிக்கொண்டு வா என்றான்.

பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம்
எந்தக் கன்டெய்னர் எங்கே என்று
படம் வரைந்து கொடுத்தவன்.
கனமானது அடியில்.
கடைசித் துறையில் இறங்குவது முதலில் ஏற வேண்டும்.
பதினாலாயிரம் பெட்டிகளைச் சாயாமல் அனுப்பியவனுக்கு
பத்து நாளைக்கு எத்தனை காலுறை என்று தெரியவில்லை.
பதினொன்று என்கிறான். பிறகு ஏழு.
பிறகு ஷூவுக்குள் சுருட்டித் திணித்துவிட்டு
இவை கணக்கில் வராது என்கிறான்.

பெர்கனில் மழையாம். உள்ளே போகப்போக வெயிலாம்.
வடக்குக் கோடியில் ஜூன் மாதத்திலும்
காதை அறுக்கும் காற்றாம்.
நாலு பருவத்துக்கு நாலு அலமாரி வேண்டாமா?
வெங்காயம் மாதிரி உடுத்து, விப்கே,
வேண்டும்போது உரித்துக்கொள்.
உரித்தால் அழுவது யார் என்று நான் கேட்கவில்லை.

கட்டில் முழுக்கத் துணி.
பூனை, கம்பளிச் சட்டையின் மேல் படுத்துக்கொண்டு
தானும் வருவதாக முடிவுசெய்துவிட்டது.
என் பச்சை கவுனை இரண்டு விரலால் தூக்கினான்.
'ஒரு சாயங்காலத்துக்கு எண்ணூறு கிராமா?'
'கேப்டன் விருந்துக்கு மழைக்கோட்டில் வரட்டுமா?'
தோற்றவன் கவுனைத் திரும்ப வைத்தான்,
மேலாக, கசங்காமல்.

எங்களிடம் தொங்குதராசு கிடையாது.
குளியலறைத் தராசில் பெட்டியை அணைத்தபடி ஏறுவான்,
இறங்குவான்,
வெறுங்கையோடு மறுபடி ஏறுவான்.
மின்கட்டண உறையின் முதுகில் நான் கழிப்பேன்.

பெட்டியோடு தொண்ணூற்று மூன்று.
பெட்டியில்லாமல் எழுபத்து நான்கு.

'பத்தொன்பது!' என்று கத்தினான்,
'சொன்னேனே, உன் கவுன்தான்!'

நான் எழுபத்து நான்கிலேயே நின்றுவிட்டேன்.
ஈஸ்டர் கேக் தீர்ந்த வாரம்
தொப்பையைத் தட்டிக்கொண்டு இவன் ஏறியபோது
இதே தராசு எண்பத்தொன்று காட்டியது.
இடையில் ஏழு கிலோவை
எந்தத் துறையில் இறக்கினாய், ஹைக்கோ,
எனக்கு ஒரு ரசீதுகூட இல்லாமல்?

நாற்காலியில் தொங்கிய பெல்ட்டை எடுத்துப் பார்த்தேன்.
கடைக்காரன் போட்ட ஐந்து துளைகள்.
அவற்றுக்கு அப்பால் ஆறாவதாக ஒன்று,
ஆணியால் அடித்தது, ஓரம் பிசிறு பிசிறாக.

பல் துலக்கும் தூரிகைகளை
ஒரே டப்பாவில் போடலாமா, தனித்தனியாகவா
என்று கேட்டுக்கொண்டே வந்தவன்
என் கையில் பெல்ட்டைப் பார்த்தான்.
குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

'திரும்பி வந்த மறுநாள், காலை எட்டரைக்கு,
டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.'
'எப்போது வாங்கினாய்?'
'மே மாதம்.'
கப்பலுக்குப் பணம் கட்டியதும் மே மாதம்தான்.
அப்படியென்றால் இதைத்தான் முதலில் ஏற்றியிருக்கிறான்,
எல்லாத் துணிக்கும் அடியில்,
கடைசியில் இறங்கட்டும் என்று.

கோபம் வந்தது. வைக்கத்தான் இடமில்லை.
உறையைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.
பதினெட்டு கிலோச் சட்டம் அத்தோடு முடிந்தது.
தடித்த ஸ்வெட்டரை வைத்தேன், அதற்குமேல் இன்னொன்று,
என் நீச்சலுடையை, அவனுடைய சீட்டுக்கட்டை,
படிக்கவே போகாத தடிப்புத்தகத்தை.
அவன் எதையும் எடைபோடவில்லை.

கடைசியாக அவன் கால்சட்டைகள்.
இடுப்பு தளர்ந்த பழையவை இரண்டையும்
மடிப்புக் கலையாமல் வைத்தேன்.
ஐந்து முறை கப்பலேறிய கீழ்வீட்டு ஃப்ராவ் ஓன்கன்
படிக்கட்டில் நிறுத்திச் சொல்லியிருக்கிறாள்:
அந்தச் சாப்பாட்டைத் தின்றவர் யாரும்
மூன்று கிலோ கூடாமல் கரையிறங்கியதில்லையாம்.

விளக்கை அணைத்த பிறகு கேட்டான்,
'ப்ளக்குக்கு அடாப்டர் வேண்டியிருக்குமா?'
'வேண்டாம். நார்வேயிலும்
நம் ஊர்த் துளைதான்.'