மூன்றுக்குக் கீழே

ஆடியில் ஆளைத் தள்ளிய காற்று
ஐப்பசி பிறந்ததும்
சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.
பூளவாடி ரோட்டில் காற்றாலைகள்
கை ஓய்ந்து, ஆளுக்கொரு திசை பார்த்து
மழையில் நனைகின்றன.

எண்பது மீட்டர் ஏணி ஏறி
போல்ட்டு முடுக்குகிறவன் நான்.
நள்ளிரவில் கூப்பிடுகிற போன் இப்போது இல்லை.
ஐந்து மணிக்கே உடுமலையில் வீடு.

வீட்டுக்குள் ஒன்பது தொட்டிகள்.
பூங்கோதை வாங்கியவை ஏழு.
காலி செய்து போன குடித்தனக்காரர் விட்ட மருள் ஒன்று.
இன்னொன்றைத் தொட்டி என்று சொல்லக்கூடாது,
ஊறுகாய் ஜாடியில் மணி பிளான்ட்.

நாலு மாதம் சன்னல் திறக்காத வீடு இது.
திறந்தால் சோற்றில் மண் கடிபடும்.
அப்படியும் நுழைந்த தூசியெல்லாம்
இலைமேல் உட்கார்ந்திருந்தது.
திருப்பூர் வேஸ்ட் துணியை நனைத்துப் பிழிந்து
அடியில் ஒரு கை தாங்கி
மேலே ஒரு கை ஓட்டி
ஒவ்வோர் இலையாய்த் துடைத்தேன்.
காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைப்போல
என்று சொன்னால் நன்றாயிருக்கும்.
இல்லை.
ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைப்பதுபோல்தான்.
எனக்கு அது ஒன்றுதான் வரும்.

சித்திரையில் உச்சியில் நின்ற சூரியன்
தெற்கே சரிந்துவிட்டது.
மேகம் விலகும் நாளில்
தெற்குச் சன்னலேறி நடுவீடு வரை வருகிறது வெயில்.
பெரணியை ஒரு முழம் உள்ளே தள்ளினேன்.
மருளை ஒரு முழம் வெயிலுக்கு.

பீஸ் லில்லி மட்டும் தலை தொங்கிக் கிடந்தது.
தாகம் என்று ஊற்றினேன்.
மறுநாளும் தொங்கியது.
மறுநாளும் ஊற்றினேன்.
மண்ணிலிருந்து சின்னச் சின்ன ஈக்கள் கிளம்பி
தேநீர் தம்ளரில் விழுந்தன.

பூங்கோதைக்குப் பால் குளிரூட்டு நிலையத்தில்
மதியம் இரண்டு மணி ஷிப்ட்.
நான் வரும்போது அவள் இல்லை.
அவள் வரும்போது நான் பாதித் தூக்கம்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்:
"ஏனுங்க, இதுக்குத் தண்ணி உட்டீங்களா?"
"தெனமும் உடறனே."
"நானுந்தானுங்க."

தொட்டியைக் கவிழ்த்தோம்.
வேரெல்லாம் பழுப்பேறி, கொழகொழத்து,
புளித்துப்போன மாவின் வாசம்.
காய்ந்து வாடுவதும் நனைந்து வாடுவதும்
மேலே இருந்து பார்த்தால் ஒரே முகம்தான்.
அவள் பிடித்துக்கொள்ள நான் வெட்டினேன்.
மிஞ்சியது நாலு வெள்ளை வேர்.
தென்னைநார்த் தூளும் மணலும் கலந்து
மறுபடி நட்டோம்.
"பொழைக்குமா?" என்றேன்.
கை கழுவப் போய்விட்டாள்.

அப்புறம்தான் இந்தத் துணிக் கிளிப் ஏற்பாடு.
தொட்டி விளிம்பில் ஆளுக்கொன்று என ஒன்பது கிளிப்.
விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடவேண்டும்.
ஈரம் இருந்தால் பேசாமல் போகவேண்டும்.
ஊற்றியவர்
இடப்பக்கக் கிளிப்பை வலப்பக்கம் மாற்றவேண்டும்.

முதல் வாரம் கை அரித்தது.
எதையும் ஊற்றாமல் இருப்பதற்கு
எந்தப் பெட்டியிலும் ஸ்பானர் இல்லை.
மாலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல்
கிளிப்புகளைப் பார்க்கிறேன்.
மருள்: இடம். பெரணி: வலம்,
காலையில் அவள் விரல் பட்டிருக்கிறது.
புதன்கிழமை
கொடியில் காயும் என் சட்டைக் காலரில்
வலப்பக்கம் ஒரு நீலக் கிளிப்.
துணி காயப்போட்டதுதான்.
இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்றேன்.

பத்து நாளாய் விடாத தூறல்.
லில்லியின் கிளிப் அசையவே இல்லை,
அவளும் ஊற்றவில்லை, நானும் ஊற்றவில்லை.
இன்று அதன் நடுவில்
பீடி கனத்தில் சுருண்டு ஒரு குருத்து.

போனில் பார்த்தேன்,
பூளவாடியில் காற்று விநாடிக்கு இரண்டே கால் மீட்டர்.
மூன்றுக்குக் கீழே எங்கள் மிஷின் எழாது.
சன்னலைத் திறந்து வைத்தேன்.
குருத்து ஆடுகிறது.