போண்டாவின் காகிதங்கள்

தோல்களுக்கு நடுவே
அரிசியளவு சிப் ஒன்று ஏற்றினார்கள்.
பதினைந்து இலக்கம்.
டாக்டர் உதயசங்கர் கருவியைக் காட்டியதும்
சூப்பர் மார்க்கெட் சோப்பு மாதிரி ஒரு பீப்.
"இனிமே இவ தொலைய மாட்டா" என்றார்.
லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில்
பிரியாணி வண்டிக்குப் பின்னால் பிறந்தவள்
ஒருநாளும் தொலைந்ததில்லை.

இனம் என்ற கட்டத்தில் என்ன எழுத?
ஸ்டெல்லாவுக்கு அங்கே இரவுப் பணி.
"தெருன்னு மட்டும் எழுதிடாதே,"
வார்டு தூங்கும் குரலில் சொன்னாள்.
பிறந்த தேதிக்கு
இவளைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்த
மழைநாளைக் கொடுத்தேன்.

வெறிநோய் ஊசி போட்டு முப்பது நாள் கழித்து
ரத்தம் எடுத்தார்கள்.
ஐஸ் பெட்டிக்குள் அது
எனக்கும் இவளுக்கும் முன்னால்
ஜெர்மனி போய்ச் சேர்ந்தது.
அரை இருந்தால் போதும். இவளுக்கு ஏழரை.
எங்கள் வீட்டில் ஏழரை
நல்ல சேதியாக வந்தது அன்றுதான்.

அதே வாரம் என் முடிவும் வந்தது.
மனைவியோடு போய் வாழ
மொழித் தேர்வில் அறுபது வேண்டும்.
ஐம்பத்து நான்கு.
ஒலிநாடாவில் ஒரு ரயில் அறிவிப்பு,
எந்த நடைமேடை என்று சொல்லாமலே போயிற்று,
அல்லது சொல்லியிருக்கும்.

போண்டாவிடம் யாரும் மொழி கேட்கவில்லை.
வா என்றாலும் வருவாள், பா என்றாலும் வருவாள்,
கையில் பிஸ்கட் இருந்தால்
சும்மா நின்றாலே வருவாள்.

ஹெசரகட்டாவில் கடைசிச் சான்றிதழ்.
முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே
அலுவலர் கன்னடத்தில் கேட்டார்,
"நீங்க எப்போ சார்?"
பத்து நாளைக்குள் புறப்பட வேண்டுமாம்.
அவளைத்தான் சொன்னார்.

கூண்டுக்குள் நிற்க வேண்டும், காது இடிக்கக் கூடாது.
திரும்ப வேண்டும், படுக்க வேண்டும்.
டேப் வைத்து அளந்தேன், மூக்கிலிருந்து வால் முளைக்கும் இடம்வரை.
அவள் டேப்பைக் கடித்தாள்.
பழகிய வாசனைத் துணி ஒன்று உள்ளே வைக்கச் சொன்னார்கள்.
ஏழு மாதத்தில் ஸ்டெல்லாவின் நைட்டியில்
பீரோ வாசனைதான் மிச்சம்.
என் பனியனைக் கழற்றி மடித்து வைத்தேன்.

பத்து நாள் லீவில் வந்தவள்
கூண்டைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டினாள்.
எனக்கு அங்கே வரைதான் அனுமதி.

மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது:
பனி, அதில் நாலு கால் தடம், மஞ்சளாக ஓர் ஓட்டை.
கீழே ஒரு வரி:
"பனியனை இன்னும் துவைக்கல."

காதில் மாட்டிக்கொண்டு
மறுபடி அந்த ரயில் அறிவிப்பு.
நான்காம் நடைமேடை.
இல்லை, பதினான்கு.