ஒன்பதில் பாதி

சட்டை முழுக்கப் பெயர் எழுதிக்கொண்டு
வாசலில் வந்து நிற்கிறாய்.
முதுகில் மூன்று நிறப் பேனா,
கைப்பட்டியில் ஒரு பூ,
கழுத்துக்குக் கீழே எவளோ ஒருத்தி
'மறந்தால் பேய் பிடிக்கும்' என்று.

ஒன்பதாம் ஆண்டோடு முடிகிற பள்ளிக்கூடம்.
பன்னிரண்டு பிள்ளைகள்.
உன்னைத் தவிர்த்துப் பதினொரு கையெழுத்து,
காணி உறுதியில் சாட்சி வைத்ததுபோல.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.
தை பிறந்தால் மல்லாவிப் பள்ளிக்கூடத்துக்கு
இதைத்தானே போட்டனுப்ப இருந்தேன்.
இலவசத் துணி வருகிற நேரம் வரட்டும்,
தையல்கூலிக்கு எங்கே போவது,
வியாழன் காலை கிழமைக்கடன்காரன் வருவான்.
இதெல்லாம் உனக்கு நான் சொல்வதில்லை.
நீ கணக்கில் கெட்டிக்காரி,
சொல்லாமலே கூட்டிக் கழித்திருப்பாய்.

குழாய்க் கிணற்றடியில் இருந்து
இரண்டு தேசிக்காய் பிழிந்து, உப்புப் போட்டுத்
தேய்க்கிறேன்.
கவிர்ணன் போகிறான்.
துசாந்தினி பாதி போகிறாள்.
டிலக்சன் மட்டும் அழுத்தி எழுதியிருக்கிறான்,
அசைகிறானில்லை.
யாரடி இந்த டிலக்சன்?
ஒருநாள் கேட்கவேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

"தோய்ச்சு விடுங்கோ அம்மா,
நான் போனில படம் எடுத்திட்டன்"
என்கிறாய் உள்ளேயிருந்து,
எதையோ மென்றுகொண்டு.

என் ஒன்பதாம் ஆண்டில்
யாரும் யாருடைய சட்டையிலும் எழுதவில்லை.
இரண்டாம் தவணைச் சோதனைக்கு
ஆறுகளின் பெயர் பாடமாக்கிக்கொண்டிருந்தோம்.
ஒரு காலை, கூரைத் தகரத்தைக் கழற்றி
உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள்.
கதவு, யன்னல், கரும்பலகை.
பிறகு நாங்களும் ஏறினோம்.
அவ்வளவுதான் சொல்வேன்.
மிச்சத்தை நீ கேட்டதுமில்லை.

இரவு. மார்கழி மழை விட்டபாடில்லை.
குளம் வான் பாய்கிற சத்தம்
கல்விளான் முழுக்கக் கேட்கிறது.
புதுப் பள்ளிக்கூடத்துப் படிவத்தை
முழங்காலில் வைத்து நிரப்புகிறாய்.
தகப்பன் தொழில்: அரிசி ஆலை, வவுனியா.
தெரிவுப் பாடம்: விவசாயம் எடுப்பாய் என்றிருந்தேன்,
இயந்திரம் என்று ஏதோ நீளமாய் எழுதுகிறாய்.
"பெட்டையளும் படிக்கலாமோ அது?"
"ஓம்."
தலை நிமிரவில்லை.

பிறகு பேனா நிற்கிறது.
"அம்மா, உங்கட கல்வித் தகைமை?
எட்டோ ஒன்பதோ?"
"ஒன்பதில பாதி."
"பாதிக்குப் பெட்டி இல்லை அம்மா."

சிரித்தோம். நீ கொஞ்சம் கூடவே சிரித்தாய்.

உனக்குத் தெரியாத ஒன்று:
ஆவணிக்குப் பிறகு
நீ படித்த எதையும் நான் படித்ததில்லை.
கொப்பியை நீட்டி "சரியோ அம்மா" என்றபோதெல்லாம்
விரலால் வரி வரியாய்த் தொட்டு
"சரி" என்றேனே,
அந்த எழுத்தும் இலக்கமும் கலந்த கணக்குகளுக்கு,
அது வெறும் விரல்.
சரியாய்த்தான் இருந்திருக்கும்.
நாலு மாதமாய் நீ எனக்கு மேல்வகுப்பு.
ஒரே விளக்கடியில் இருந்தும்
காட்டிக்கொள்ளாமல் இருந்தேன்.

"எட்டு எண்டு போடு" என்றேன்.
நீ எதைப் போட்டாய் என்று பார்க்கவில்லை.
கையெழுத்துக்கு நீட்டினாய்.
என் பெயரின் வால்
கோட்டைத் தாண்டிப் போய்விட்டது,
"பரவாயில்லை" என்று
ஆசிரியை மாதிரிச் சொன்னாய்.

சட்டை அடுப்புக்கு மேலே கொடியில்.
காயவில்லை. புகை மணக்கும், நாளைக்கு
இன்னொருக்கால் அலசவேண்டும்.
கைப்பட்டியில் அந்தப் பூ
மங்கலாய் இருக்கத்தான் செய்கிறது,
டிலக்சனும்.

முதல் பஸ் ஆறு பத்துக்காம்.
யானை வீதியில் நிற்கிற நாட்களில்
பிந்துமாம்.