கால் சுற்று

மருத்துவமனையிலிருந்து மூன்றாம் முறை அழைத்தார்கள்:
மெத்தனாலா, இல்லையா?

குத்தாயிசியில் மணி பதினொன்று.
பனி உருகிய நீரோடு ரியோனி ஆறு
சன்னலுக்கு அப்பால் இரைந்துகொண்டிருந்தது.
மேசையில் மூன்று புட்டி சாச்சா,
ஒரு கல்யாண வீட்டில் மிஞ்சியவை.
குடித்தவர்களில் இருவருக்கு
விடிந்தும் விடியவில்லையாம்.

கருவி சொன்னது: அசிட்டால்டிஹைடு.
பின்னால் வந்த மலைபோன்ற எத்தனாலுக்குப்
பெயரே வைக்கவில்லை.

அதற்கு மூக்கில்லை, நாக்கில்லை.
வாசலில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் காவலாளி.
இரண்டு நிமிடத்தில் வந்தால் மெத்தனால்,
சற்றுப் பிந்தினால் வேறொருவன்.
முகம் பார்ப்பதில்லை.
சுத்தமான மெத்தனாலையே ஏற்றிப் பார்த்தேன்.
அதையும் அசிட்டால்டிஹைடு என்றது.

அப்படியானால் பிழை
வந்தவனிடம் இல்லை,
சுமந்து வந்த காற்றிடம்.

"நேர எல்லையைத் தள்ளி வை, எதேரி,
முடிந்தது வேலை" என்றான் குராம்.
தள்ளலாம். ஆனால் அடுத்த ஊசியில்
அது இன்னும் பிந்தியது.
ஓடும் படகில் அடையாளக் கோடு.

ஹீலியம் உருளையில் எண்பது பார். குறையில்லை.
உள்வாயின் அழுத்தமானி முள்
ஆறு வருடமாக ஒரே எண்ணில் நிற்கிறது,
கருவியை அணைத்தாலும்.

ரப்பர் அடைப்பை மாற்றினேன்.
நூறு குத்து வாங்கிய பழையது
விரலிடையில் உதிர்ந்தது.
"இதுதான்!" என்றான் குராம்.
இல்லை.

சுடரை அணைத்து, அடுப்பை ஆறவிட்டு,
முப்பது மீட்டர் குழலின் வால்நுனியைக் கழற்றி
சின்னக் குப்பியில் ஆல்கஹாலுக்குள் முக்கினோம்.

ஒரு குமிழி.

கைந்நொடித்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

இன்னொரு குமிழி.

காற்று எங்கேயோ வழியில் இறங்கிவிடுகிறது.

தலைப்பக்க நட்டில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டேன்.
நுரைத்தது,
சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டிருந்த வாய்போல.

அந்த நட்டை நேற்று முடுக்கியவள் நான்.
விரலால் இறுகும்வரை, பிறகு கால் சுற்று,
அதற்கு மேல் கூடாது.
புதிதாய் வருபவர்க்கெல்லாம் நானே சொல்வது.
நேற்று வாடகைக்காக வீட்டுக்காரரோடு தொலைபேசியில் சண்டை.
சொல்லாமல் விட்டதையெல்லாம்
ஸ்பேனரில் சொன்னேன்:
ஒரு முழுச் சுற்று.

கழற்றினால், கிராஃபைட் வளையம் பிளந்து
கரித்தூளாய்க் கொட்டியது.

தூளைத் துடைத்து, குழல் முனையை
விரற்கடை அளவு நறுக்கி,
புது வளையம். விரலால். கால் சுற்று.
கை இன்னும் கொஞ்சம் கேட்டது.
ஸ்பேனரைக் குராமின் சட்டைப்பையில் போட்டேன்.

இப்போது குப்பியில் குமிழிகள்
எண்ண விடவில்லை.

முதல் புட்டி, சுத்தம்.
இரண்டாவதும்.
மூன்றாவதில், இரண்டு நிமிடத்தில்,
தன் பெயரோடு எழுந்து நின்றது
நெட்டுக்குத்தாய்.

மணி ஒன்று நாற்பது.
"மருந்து எட்டு மணிக்கே ஏற்றிவிட்டோம்,
ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டுமா என்றுதான் கேட்டோம்"
என்றார் மருத்துவர்.
"ஆமாம்" என்றேன்.
கண்ணைப் பற்றிக் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

பதிவேட்டில், தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
குராம் 'கசிவு' என்று எழுதியிருந்தான்.
அடிக்கவில்லை.
பக்கத்தில் எழுதினேன்:
முக்கால் சுற்று அதிகம். எதேரி.