நாற்பத்தொரு சதம்

எண்ணெய் ஆயுள் 41 என்றது திரை.
பாலாற்றுப் பாலத்தில் வண்டிகள் நகராத சாயங்காலம்.
கிலோமீட்டர் ஏறவில்லை,
எண்ணெய்க்கு மட்டும் வயதாகிறது.
அதே திரையின் வரைபடத்தில்
ஆறு நீலமாக ஓடிக்கொண்டிருந்தது.
ஜன்னலுக்கு வெளியே மணல், முள், இரண்டு மாடு.

நான் ரத்தம் எடுப்பவள்.
பதினாறு வருடமாக, காலை ஆறரைக்கு,
வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களிடம்.
எந்த எண்ணைக் கண்டாலும்
எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று கேட்கிற புத்தி.

கொணவட்டத்தில், லாரி பாடிகளுக்குப் பின்னால்
ஷெட்டு போட்டிருக்கும் வாஜித் சொன்னான்:
"அது எண்ணெயத் தொட்டே பாக்காது மேடம்.
எத்தினி சுத்து சுத்துச்சு, எவ்ளோ சூடாச்சு,
எத்தினி தபா ஆறிப்போனத ஸ்டார்ட் பண்ணீங்க,
அத்த வெச்சிதான் சொல்லும்."
"அப்போ பொய்யா?"
"பொய்னு யாரு சொன்னா? கணக்கு."

கணக்கு எங்கள் அறிக்கையிலும் உண்டு.
நல்ல கொழுப்பை அளக்கிறோம்.
கெட்டதைப் பல நாள் அளப்பதில்லை,
மொத்தத்திலிருந்து கழித்து எழுதுகிறோம்.
அளந்ததும் கழித்ததும்
ஒரே எழுத்தில், ஒரே கறுப்பில் அச்சாகும்.
வாங்கியவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.
ட்ரைகிளிசரைடு நானூறைத் தாண்டினால்
அந்தக் கழித்தல் செல்லாது;
அது எங்களுக்குத் தெரியும்.
இந்தக் காரின் நானூறு எது?
கேட்கலாமென்றால்
செய்த கம்பெனி நாட்டைவிட்டே போய்விட்டது.
விற்றவர் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை மேலாளர்.
"எல்லாம் கரெக்டா மாத்தியிருக்கேன்" என்று
சாவியோடு ஒரு பில்லும் தந்தார்.
பில்லில் தேதி இருந்தது. லிட்டர் இல்லை.

வாஜித் இன்னொன்றும் சொன்னான்:
பொத்தானை அமுக்கிக் கொஞ்ச நேரம் பிடித்தால்
திரை நூறாகிவிடும்.
எண்ணெய் மாற்றினாலும்.
மாற்றாவிட்டாலும்.
மாற்றிவிட்டு அமுக்க மறந்தவர்கள்
புது எண்ணெயோடு பூஜ்யத்தில் ஓட்டுகிறார்களாம்,
பயந்துகொண்டே.

ஞாயிறு விடியலில், காந்தி நகர் வீட்டு வாசலில்
பானெட்டைத் திறந்தேன்.
மாடிவீட்டு பெர்னதெத் பால் பாக்கெட்டோடு நின்று
"ஆம்பளைங்க யாரும் இல்லியா?" என்றாள்.
இது என் வேலையைவிடச் சுலபம் என்றேன்.
நரம்பு தேட வேண்டாம்,
மஞ்சள் வளையம் போட்டுக் காத்திருக்கிறது.

குச்சியை உருவினேன், துடைத்தேன்,
செருகி மறுபடி உருவினேன்.
இரண்டு கோடுகள்.
இரண்டுக்கும் கீழே, நுனியில்,
கறுப்பாக ஒரு பொட்டு.

பழக்கதோஷம்,
வடிகட்டித் தாளில் ஒரு துளி விட்டு வைத்தேன்.
மத்தியானத்துக்குள் விரிந்திருந்தது.
நடுவில் மை. சுற்றிப் பழுப்பு.
அதற்கும் வெளியே ஒரு வெளிச்ச வளையம்.
கெட்டுப்போகவில்லை.
திரை சொன்னது சரிதான்,
நாற்பத்தொரு சதம் ஆயுள்,
இருக்கிற கொஞ்சத்துக்கு.
இல்லாததைப் பற்றி அதை யாரும் கேட்கவில்லை.

கசிந்ததா எரிந்ததா தெரியாது.
வாசலில் இருக்கும் அந்த வட்டக் கறையை
பழைய பெயின்ட் என்று நினைத்து
மாதக் கணக்கில் மிதித்து நடந்திருக்கிறேன்.

ஒரு லிட்டர் ஊற்றினேன். கீழ்க்கோடு.
இன்னும் அரை.
மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது.

சாவியைத் திருகினேன்.
41.

திங்கள் காலை பாலத்தில் ஏறும்போது
40 ஆனது.
மணல் மேல் இன்னும் நீலம்.
நாளை வாஜித்திடம் விடவேண்டும்,
கசிவு எங்கே என்று பார்க்க.

அன்றைய முதல் ஆள், கையை நீட்டாமல் கேட்டார்:
"போன வாரம்தானே எடுத்தீங்க,
ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு. மறுபடி எதுக்கு?"
பட்டையை இறுக்கினேன்.
"சும்மா,
பாத்துடலாம்."